இரும்பை இன்னும் கூட்டலாமா? போட்ட இரும்பு எங்கே போனது என்று முதலில் பார்ப்போம்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பிளாட்டினத்துக்குப் பதிலாக ஆக்சிஜனை ஒடுக்கும் (அதாவது எலக்ட்ரான் கொடுத்து மாற்றும்) ஒரு வினையூக்கி உங்களுக்கு வேண்டும். அதற்காக ஜிஃப்-8 (துத்தநாகமும் நைட்ரஜன் உள்ள கரிம மூலக்கூறும் சேர்ந்த, துளைகள் நிறைந்த படிகம்) செய்யும்போதே இரும்பு நைட்ரேட்டைக் கலந்து, காய்ந்த பொடியை ஆர்கானில் 900 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டு, ஒரு கறுப்புப் பொடி எடுத்திருக்கிறீர்கள். 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அதன் அரை அலை மின்னழுத்தம் (எல்லை மின்னோட்டத்தில் பாதி வரும் மின்னழுத்தம், கூடினால் நல்லது) 0.86 வோல்ட், அதாவது விலைக்கு வாங்கிய பிளாட்டினம்-கார்பனுக்கு ஏறக்குறைய சமம். ஆனால் துத்தநாக-காற்று பேட்டரியில் வைத்தால் பிளாட்டினத்திடம் தோற்கிறது, அமிலத்தில் அளந்தால் 0.70க்கு விழுகிறது. இரும்பை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்கினீர்கள், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசம். "அப்படியானால் எத்தனை சதவீதம் இரும்புதான் சரி?" என்பது உங்கள் கேள்வி.

சதவீதத்தை நான் சொல்லிவிடலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது, போட்ட இரும்பு எங்கே போய் உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்துக்கு ஆக்சிஜனும் மின்பகுளியும் வந்து சேருகின்றனவா, சேர்ந்தாலும் அந்த இரும்பு எத்தனை நாள் அங்கேயே இருக்கும் என்பதுதான். இந்த மூன்றில் எது உங்கள் பொடியில் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எடையை மாற்றிக்கொண்டே போனால் வருஷம்தான் ஓடும். நான் பத்து வருஷத்துக்கு மேலாக இந்தக் கறுப்புப் பொடிகளோடு இருக்கிறேன், பெரும்பாலும் காரப் பக்கம். அமிலச் சவ்வு ஃப்யூயல் செல்லில் என் கை அனுபவம் சின்ன ஒற்றைச் செல்லோடு நின்றுவிடுகிறது, கார் அளவு அடுக்கு எதையும் நான் கட்டியதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரும்பு ஏன் இந்த வேலைக்கு வருகிறது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், பின்னால் சொல்வதற்கெல்லாம் அதுதான் அடிப்படை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றிச் சமதளத்தில் நான்கு நைட்ரஜன். நம் உயிரணுவுக்குள் ஆக்சிஜனைத் தண்ணீராக ஒடுக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸிலும் ஹீம் இரும்பு இருக்கிறது, பக்கத்தில் ஒரு செம்பு அணுவோடு. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் கண்ணாடிப் பூச்சு விரிசல் விட்ட ஒரு பாத்திரத்தில், வெளியே தெரிந்த எஃகின் இரும்போடு சேர்ந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு நீலப் பொருள் உருவானது. அதுதான் இரும்பு தாலோசயனின், அதிலும் அதே நான்கு நைட்ரஜன் நடுவே இரும்பு. 1964இல் ரேமண்ட் ஜாசின்ஸ்கி கோபால்ட் தாலோசயனின் காரக் கரைசலில் ஆக்சிஜனை ஒடுக்கும் என்று காட்டினார். நம் துறை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மூலக்கூறுகள் நிலைக்கவில்லை. 1970களில் அவற்றைக் கார்பன் மேல் ஏற்றிச் சுட்டால் கூடுதல் நாள் உழைக்கின்றன என்று கண்டார்கள். அப்புறம் 1989இல் யேகர் குழு செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய திருப்பம்: விலை கூடிய பெரிய வளைய மூலக்கூறே வேண்டாம், நைட்ரஜன் உள்ள பாலிஅக்ரிலோநைட்ரைல், ஒரு சாதாரண உலோக உப்பு, கார்பன், இவை மூன்றையும் சேர்த்துச் சுட்டாலே வேலை செய்யும் பொடி வருகிறது என்று காட்டினார்கள். அதாவது இரும்பு தனக்கு வேண்டிய இருக்கையை உலைக்குள் தானே அமைத்துக்கொள்கிறது. இன்றைக்கு உங்களாலும் என்னாலும் ஒரு குழாய் உலையை வைத்துக்கொண்டு இந்த ஆராய்ச்சி செய்ய முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான். நம் தலைவலிக்கும் இதேதான் காரணம். தானே அமைத்துக்கொள்ளும் இரும்பு நமக்குப் பிடிக்காத இடத்திலும் போய் அமரும்.

2009இல் கியூபெக்கில் டோடெலே குழு நுண்துளைகள் நிறைந்த கார்பனுக்குள் இரும்பு அசிட்டேட்டையும் ஃபெனாந்த்ரோலினையும் பால் மில்லில் அரைத்து அடைத்துச் சுட்டது. 2011இல் அதே குழு ஜிஃப்-8ஐ எடுத்தது, நீங்கள் இன்று செய்வதன் நேர் மூதாதை அது. அதே 2011இல் லாஸ் அலமோஸில் காங் வூவும் பியோட்டர் ஸெலனேயும் பாலிஅனிலினிலிருந்து செய்த இரும்பு-கோபால்ட் பொடி 0.4 வோல்ட்டில் 700 மணி நேரம் ஓடியது. செயல்திறனா ஆயுளா என்கிற இழுபறி அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை.

சரி, உறுதியாகத் தெரிந்தவை எவை? சுட்ட பொடியில் வேலையில் பெரும்பங்கைச் செய்வது கார்பன் தாளில் பதிந்த ஒற்றை இரும்பு அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். 2015இல் ஸிட்டோலோ, ஜாவன் முதலானோர் இரும்புத் துகளே தென்படாத பொடிகளைச் செய்து, எக்ஸ்-கதிர் உறிஞ்சல் மூலம் அந்த இருக்கை போர்ஃபிரின் (ஹீமில் இரும்பைச் சுற்றியிருக்கும் வளையம்) போன்றது என்று காட்டினார்கள். இதை யாரும் இப்போது பெரிதாக மறுப்பதில்லை. இரும்பு உலோகத் துகளும் இரும்பு கார்பைடும் அமிலத்தில் தாமாக நல்ல வேலை செய்வதில்லை என்பதும் ஏறத்தாழ உறுதி. ஒற்றை அணுவுக்குப் பக்கத்தில் சின்னத் துகள் இருந்தால் அது அணுவுக்கு உதவுமா என்பதுதான் சண்டை. உதவுகிறது என்று நிறையக் கட்டுரைகள் வருகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. துகள் உள்ள பொடியையும் இல்லாத பொடியையும் ஒப்பிடும்போது துளை அமைப்பு, நைட்ரஜன் அளவு, கார்பனின் ஒழுங்கு எல்லாமே சேர்ந்து மாறிவிடுகின்றன. எதன் பலன் எது என்று பிரித்துச் சொல்ல அங்கே வழியில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் பொடியில் எடையில் 1 சதவீதம் இரும்பு இருந்தால் அது 0.01 கிராம், இரும்பின் அணு எடை 55.85, ஆக சுமார் 0.18 மில்லிமோல், அணுக்களாக எண்ணினால் ஏறக்குறைய 10இன் 20ஆவது அடுக்கு. இது கொஞ்சமான எண் கிடையாது. ஒரு சதவீத இரும்பு முழுதும் தனித்தனி அணுவாக, வெளியே தெரிகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய பொடிகளில் அப்படி வெளியே தெரிந்தது அதில் ஒரு சிறு பங்குதான். மீதி கார்பன் தாள்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும், இல்லாவிட்டால் துகளாகத் திரண்டிருக்கும். 2021இல் ஒரு குழு வேறு வழியில் போய், ஒரு கிராமில் 1.92 பெருக்கல் 10இன் 20ஆவது அடுக்கு இருக்கைகள் என்று அறிவித்தது. அதன் சிறப்பு எண்ணிக்கை மட்டும் கிடையாது, போட்ட இரும்பு முழுதும் எட்டக்கூடிய இடத்தில் இருந்தது என்பதுதான். அந்த வழிக்குப் பின்னால் வருகிறேன்.

நீங்கள் இரும்பைக் கூட்டக் கூட்ட ஏன் மோசமானது? 900 டிகிரியில் இரும்பு அணு சும்மா இருக்காது. நைட்ரஜன் இருக்கை கிடைத்த அணு அங்கே ஒட்டிக்கொள்கிறது, கிடைக்காதது நகர்ந்து நகர்ந்து இன்னொன்றோடு சேர்ந்து துகளாகிறது. அதோடு போனால் பரவாயில்லை, அந்தத் துகள் சும்மா ஓரமாகக் கிடக்காது. சுற்றியுள்ள கார்பனைக் கரைத்து கிராஃபைட் ஓடாகவும் மூங்கில் மாதிரி கணு வைத்த நானோகுழாயாகவும் கக்குகிறது. அப்படிச் செய்யும்போது அங்கிருந்த நுண்துளைகளும் நைட்ரஜனும் போய்விடுகின்றன. ஆக மூன்றாவது மடங்கு இரும்பு தனக்கு இடம் கிடைக்காமல் போவதோடு முதல் மடங்கின் வீட்டையும் இடித்துவிடுகிறது. உங்கள் டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்களில் அந்த மூங்கில் குழாய்கள் இருந்தால் (கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன்) அவற்றை அழகாக இருக்கின்றன என்று கட்டுரையின் முதல் படமாகப் போட்டுவிடாதீர்கள், அவை இழப்பின் அடையாளம்.

டி.இ.எம். கைக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு சின்ன நியோடிமியம் காந்தம் போதும். பொடியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எத்தனால் ஊற்றிக் குலுக்கி, பக்கத்தில் காந்தத்தை வைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். நல்ல ஒற்றை அணுப் பொடி காந்தத்தைச் சட்டை செய்யாமல் மெதுவாக அடியில் படியும். துகள் நிறைந்த பொடி காந்தம் இருக்கும் சுவரில் கறுப்பு மீசை மாதிரி ஏறி நிற்கும், மீதித் திரவம் தெளிந்துவிடும். நான் ஆரம்பத்தில் மூன்று மாதம் செய்த ஒரு வரிசைப் பொடிகள் அத்தனையும் இப்படி மீசை வைத்தவை. எக்ஸ்.ஆர்.டி.யில் (படிகங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் அளவீடு) 44, 45 டிகிரி பக்கம் தெரிந்த சின்னச் சிகரங்களை இரைச்சல் என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். காந்தம் காட்டிய அன்றுதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அடுத்தது அமிலக் கழுவல். 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 80 டிகிரியில் எட்டு மணி நேரம், எல்லோரும் செய்வதுதான். வடிகட்டிய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். அதில் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, பிறகு பொட்டாசியம் தயோசயனேட் சேர்த்தால் ரத்தச் சிவப்பு வரும். எவ்வளவு அடர்த்தியாக வருகிறதோ அவ்வளவு இரும்பு இருக்கை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது என்று பொருள். நிறமானி இருந்தால் எண்ணாகவே எடுக்கலாம். ஒன்று ஞாபகம் வேண்டும்: கிராஃபைட் ஓட்டுக்குள் மாட்டிக்கொண்ட துகளை அமிலம் தொடாது. கழுவிய பிறகும் காந்தத்துக்கு மீசை ஏறினால் அந்தப் பொடியைக் காப்பாற்ற முடியாது, இரும்பைக் குறைத்துத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். கழுவிய பிறகு மறுபடி ஒரு தடவை சுடுவது வழக்கம், அதுவும் தேவைதான், கழுவலில் ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன் தொகுதிகளையும் சல்பேட்டையும் அது துரத்துகிறது.

உங்கள் குறிப்பில் என் கண்ணில் முதலில் பட்டது 900 டிகிரி. துத்தநாகத்தின் கொதிநிலை 907. ஜிஃப்-8இல் இருக்கும் துத்தநாகம்தான் ஆவியாகிப் போகும்போது துளைகளைத் திறந்து விடுகிறது, இரும்பு அணுக்களைப் பிரித்து வைத்திருந்ததும் அதுதான். 900இல் ஒரு மணி நேரம் என்பது பாதி வேலை. உலையைத் திறக்கும்போது குவார்ட்ஸ் குழாயின் குளிர்ந்த முனையில், வாயு வெளியேறும் பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும், விரல் வைத்துத் துடைத்தால் வெள்ளிப் பூச்சு மாதிரி மின்னும். அது வெளியே வந்த துத்தநாகம். அந்த வளையம் மெலிதாக இருந்தால் பொடிக்குள் நிறையத் துத்தநாகம் மிச்சம் என்று பொருள், அது உட்கார்ந்திருப்பது இரும்புக்கு வர வேண்டிய அதே நான்கு நைட்ரஜன் இருக்கையில். 1000 டிகிரிக்குப் போய்ப் பாருங்கள், 1050 வரைக்கும் பலர் போகிறார்கள். ஆனால் சூடு ஏற ஏற நைட்ரஜனும் கழன்று போகும், அதனால் 950, 1000, 1050 மூன்றையும் ஒரே நாளில் கலக்கிய ஒரே பொடியிலிருந்து எடுத்துச் சுடுங்கள், வெவ்வேறு நாள் பொடிகளை ஒப்பிடாதீர்கள். ஆர்கான் ஓட்டத்தையும் பொடி இருக்கும் படகுக் கிண்ணத்தை வைக்கும் இடத்தையும் நோட்டில் எழுதுங்கள். உலையின் நடுவுக்கும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளியும் உள்ள சூட்டு வித்தியாசம் பல பேருடைய முடிவுகளை ஆட்டி வைக்கிறது.

ஜிஃப் துகளின் அளவும் முக்கியம். மெத்தனாலில் அடர்த்தியையும் கலக்கும் வேகத்தையும் மாற்றி 50 நானோமீட்டர் பக்கம் கொண்டுவர முடியும். பெரிய துகளின் உள்ளே இருக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வழி நீளம், அவ்வளவுதான்.

இனி அந்த வேறு வழி. இரும்பையும் சூட்டையும் ஒன்றாகக் கொடுப்பதுதான் தகராறு என்றால், இரண்டையும் பிரித்துவிடலாமே. முதலில் இரும்பே இல்லாமல் ஜிஃப்-8ஐச் சுட்டு, துத்தநாகம் அமர்ந்த நைட்ரஜன் இருக்கைகள் கொண்ட கார்பனைத் தயார் செய்வது. அதன் பிறகு, குறைந்த சூட்டில் இரும்பைக் கொண்டுவந்து துத்தநாகத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார வைப்பது. நான் முன்னால் சொன்ன 2021 வேலையில் ஃபெரிக் குளோரைடு ஆவியை 750 டிகிரியில் அந்தக் கார்பன் மேல் ஓடவிட்டார்கள். வெளியிலிருந்து ஆவியாக வந்து அமர்வதால், அமர்ந்த இரும்பு இயல்பாகவே எட்டக்கூடிய இடத்தில் இருக்கும். 2022இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் குசெர்னாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இதே எண்ணத்தின் இன்னொரு வடிவத்தில் எடையில் 7 சதவீதம் வரை இரும்பைத் துகளாகாமல் ஏற்றினார்கள். நீங்கள் "எத்தனை சதவீதம் சரி" என்று கேட்டீர்களே, விடை இதில் இருக்கிறது: கலந்து சுடும் வழியில் ஒன்றைத் தாண்டினாலே ஆபத்து, இருக்கையை முதலில் கட்டிவிட்டு இரும்பை அழைத்தால் ஏழுகூட முடிகிறது. உங்கள் கூடத்தில் ஃபெரிக் குளோரைடு ஆவி ஓடவிடுவதாக இருந்தால் வெளியேறும் வாயுவைக் காரக் கரைசல் வழியாக அனுப்பாமல் செய்யாதீர்கள், ஹைட்ரஜன் குளோரைடு வரும், உலையின் உலோகப் பாகங்களையும் உங்கள் நுரையீரலையும் அது அரிக்கும்.

அமோனியாவில் இரண்டாவது தடவை சுட்டால் செயல்திறன் சட்டென்று ஏறும் என்று யாராவது சொல்வார்கள். ஏறும், உண்மைதான், புதுத் துளைகளும் காரத்தன்மை உள்ள நைட்ரஜனும் வருவதால். அமிலத்தில் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி சீக்கிரமே இறங்கிவிடும். காரப் பேட்டரிக்கு மட்டும் என்றால் முயன்று பார்க்கலாம்.

இனி, காரத்தில் 0.86 அமிலத்தில் 0.70. இந்த இடைவெளி உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. காரத்தில் ஆக்சிஜன் ஒடுக்கம் தாராளமானது. இரும்பே இல்லாத நைட்ரஜன் கார்பன்கூட அங்கே மதிக்கத்தக்க எண் காட்டும். அமிலத்தில் அதெல்லாம் எடுபடாது, இரும்பு இருக்கை இருந்தால்தான் உண்டு. நல்ல இரும்புப் பொடி 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 0.80க்கு மேல் நிற்க வேண்டும். ஆகவே உங்கள் 0.86இல் எவ்வளவு இரும்பின் பங்கு, எவ்வளவு வெறும் கார்பனின் பங்கு என்று தெரிய, இரும்பு சேர்க்காத ஜிஃப்-8ஐ அதே மாதிரி சுட்டு அதே நாளில் அளக்கவும். இதைச் செய்யாத கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும், ஒரு நாள் வேலை அது. நீங்கள் பேட்டரிதான் செய்யப்போகிறீர்கள் என்றாலும் அமில அளவீட்டை விட்டுவிடாதீர்கள், இருக்கைகளின் தரத்தைக் காட்டும் நேர்மையான சோதனை அது.

அளவீட்டில் இன்னும் சில குழிகள். துணை மின்முனையாக (கவுண்டர் எலக்ட்ரோடு) பிளாட்டினக் கம்பி வைத்திருக்கிறீர்களா? உடனே எடுத்துவிட்டுக் கிராஃபைட் கம்பி போடுங்கள். நீண்ட சோதனையில் பிளாட்டினம் கரைந்து வந்து உங்கள் பொடி மேல் படியும், அப்புறம் நீங்கள் அளப்பது பிளாட்டினத்தை. காரத்தில் சில்வர் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை நம்பாதீர்கள், அது மெல்ல நகரும். பாதரச ஆக்சைடு மின்முனையை வைத்து, ஹைட்ரஜன் குமிழ விட்டு அன்றன்றைக்குத் திருத்திக்கொள்ளுங்கள். 20 மில்லிவோல்ட் பிசகு இந்தத் துறையில் ஒரு கட்டுரையின் மொத்தப் பெருமை. பொடியின் அளவும் எழுதப்பட வேண்டும், சதுர சென்டிமீட்டருக்கு 0.6 மில்லிகிராம் பூசிய இரும்புப் பொடியை 20 மைக்ரோகிராம் பிளாட்டினத்தோடு ஒப்பிடுவது வழக்கத்தில் இருக்கிறது, தப்பில்லை, ஆனால் அந்த முப்பது மடங்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் பாதி ஒடுங்கி உண்டாகும் பெராக்சைடையும் தடித்த பூச்சு மறைத்துவிடும்: உள்ளே உருவான பெராக்சைடு வெளியே வருவதற்குள் அடுத்த இருக்கையில் மாட்டித் தண்ணீராகிவிடும், வட்டைச் சுற்றி நின்று பெராக்சைடைப் பிடிக்கும் வளைய மின்முனையில் 2 சதவீதம் என்று காட்டும். 0.1 மில்லிகிராம் பூச்சில் ஒரு தடவை அளந்து பாருங்கள், நிஜ எண் தெரியும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். சுழல் வட்டில் (திரவத்தில் சுழலும் சோதனை மின்முனை) நிமிஷத்துக்கு 1600 சுற்றில் உங்கள் எல்லை மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 5, 6 மில்லிஆம்பியர், அதற்கு மேல் கரைந்த ஆக்சிஜன் வந்து சேராது. பேட்டரியில் நீங்கள் கேட்பது 100 மில்லிஆம்பியர், ஃப்யூயல் செல்லில் ஓர் ஆம்பியருக்கு மேல். அங்கே ஆக்சிஜன் வாயுவாக வர வேண்டும், மின்பகுளி திரவமாக வர வேண்டும், எலக்ட்ரான் கார்பன் வழியாக வர வேண்டும், மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். வட்டில் நன்றாக இருக்கும் பொடி காற்று மின்முனையில் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்தச் சந்திப்பு கெடுவதால்தான், இருக்கையின் குற்றம் குறைவு. ஃப்யூயல் செல்லில் பிளாட்டினப் பூச்சு 10 மைக்ரான் தடிமன், அதே வேலைக்கு இரும்புப் பொடி 100 மைக்ரான் வேண்டும், அவ்வளவு தடிமனில் உள்ளே போகும் காற்றும் வெளியேறும் தண்ணீரும் ஒன்றையொன்று மறிக்கின்றன. இரண்டு நானோமீட்டருக்குக் குறைந்த நுண்துளைகள் மட்டும் இருந்தால் போதாது, அவற்றுக்கு வழி விடும் பெரிய துளைகளும் வேண்டும். கிராமத்து வீட்டு வாசல்வரை தார்ச்சாலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊர் எல்லைவரையாவது வேண்டும் இல்லையா, அதுபோல.

உங்கள் காற்று மின்முனையின் பின்பக்கத்தை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது மூழ்கிவிட்டது, டெஃப்லான் போதவில்லை, இல்லை நீங்கள் பூசிய இங்க் (பொடியும் ஒட்டுப்பொருளான பைண்டரும் கலந்த குழம்பு) வாயு பரவும் தாளின் உள்ளே ஊறிவிட்டது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது பொட்டாசியம் கார்பனேட், காற்றின் கரியமில வாயு 6 மோலார் காரத்தில் சிக்கி உண்டாக்கியது. இரண்டுமே வினையூக்கியின் தப்பு கிடையாது. பிளாட்டினப் பொடி மெல்லிய பூச்சில் வேலை செய்வதால் இதில் தப்பித்துக்கொள்கிறது, நீங்கள் அதே இங்க் செய்முறையை இரும்புப் பொடிக்கும் வைத்ததால் தோற்றீர்கள் என்பது என் ஊகம். பைண்டர் விகிதத்தை இரும்புப் பொடிக்கென்று தனியாகச் சரிசெய்யுங்கள். திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரி என்றால் ஒரு விஷயம் உறுதி: சார்ஜ் ஆகும்போது இரண்டு வோல்ட்டுக்குக் கிட்டே போகும் செல்லில் காற்று மின்முனையின் கார்பன் தின்னப்படும். இரும்பு எவ்வளவு நன்றாக அமர்ந்திருந்தாலும் அது அமர்ந்திருக்கும் தரையே போகிறது. சார்ஜுக்குத் தனியாக நிக்கல் வலையில் ஒரு மின்முனை வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்வழி.

ஆயுள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வருஷம் அதைத்தான் கேட்பீர்கள். அமிலச் செல்லில் இரும்புப் பொடிகள் முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாக விழுகின்றன, பிறகு மெதுவாக. விழுகிறது என்பது உறுதி, ஏன் என்பதில்தான் இன்னும் வழக்கு. நுண்துளைகளில் தண்ணீர் நிரம்புவதுதான் காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், பிறகு நடந்த சோதனைகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. இரும்பு இருக்கையை விட்டு எழுந்து கரைந்து போவது, பெராக்சைடும் இரும்பும் சேர்ந்து ஃபென்டன் வினையில் பிறக்கும் ஹைட்ராக்சில் துண்டுகள் கார்பனையும் நாஃபியான் சவ்வையும் கடிப்பது, அதிக மின்னழுத்தத்தில் கார்பன் தானே எரிவது, மூன்றும் நடக்கின்றன. எந்தச் செல்லில் எது எத்தனை பங்கு என்பது பொடிக்குப் பொடி மாறுகிறது. 2021இல் மாஸ்பவர் அளவீடுகளோடு (காமா கதிரால் இரும்பின் நிலையை அறியும் முறை) வந்த ஓர் ஆய்வு இருக்கைகளே இரண்டு வகை என்று காட்டியது. ஒன்று வேலை செய்துகொண்டே சீக்கிரம் இரும்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது, மற்றது தாக்குப் பிடிக்கிறது. எனக்கு இது நம்பும்படியாக இருக்கிறது. தாக்குப் பிடிக்கும் வகையை மட்டும் விளைவிக்கும் செய்முறை இருக்கிறது என்று யாராவது சொன்னால், இரும்பு எப்படிச் சேர்த்தார்கள் என்பதைவிட, எத்தனை மணி நேரம், எந்த வாயுவில் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். நைட்ரஜனில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி 10,000 சுற்று ஓட்டினால் அசையாத பொடி, ஆக்சிஜனில் அதே சுற்றில் சரிந்துவிடும். நீங்கள் ஆயுள் சோதனை செய்யும்போது ஆக்சிஜனில்தான் செய்ய வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த மாதத்தை இப்படிச் செலவழிப்பேன். இரும்பை இப்போதுள்ளதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, இரும்பில்லாத ஒன்றையும் சேர்த்து, 1000 டிகிரியில் சுடுவேன். காந்தம், தயோசயனேட், அமிலத்தில் சுழல் வட்டு, இந்த மூன்றையும் ஒவ்வொரு பொடிக்கும் செய்வேன். துகள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காற்று மின்முனைக்குப் போவேன். மாஸ்பவரும் எக்ஸ்-கதிர் உறிஞ்சலும் ஜெயித்த பொடிக்கு மட்டும் போதும். இந்தியாவில் இருந்தால் எக்ஸ்-கதிர் உறிஞ்சலுக்கு இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம், வரிசை இருக்கும், அதனால் இப்போதே எழுதிப் போடுங்கள்.

காந்தச் சோதனை முடித்ததும் கழுவலுக்கு முன், கழுவலுக்குப் பின் இரண்டு குப்பிகளின் படத்தையும், கழுவிய திரவத்தில் வந்த இரும்பின் அளவையும் இதே கேள்விக்குக் கீழே போடுங்கள். மின்முனையின் பின்பக்கப் படமும் வேண்டும். அவற்றைப் பார்த்தால் பிசகு உலையிலா இங்க்கிலா என்று என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.